கலர் மாறாத சொட்டு

போன வருடம் அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் நாலு நாள் இருந்தபோது நடந்தது. சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரை. அக்கா மகன் நம்பரிலிருந்து போன். எடுத்தால் பேசியது அவன் இல்லை.

"மாமா, அவன் ரூம்மேட் பேசுறேன். கொஞ்சம் நாகமலை புதுக்கோட்டை வரைக்கும் வர்றீங்களா? அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

பின்னால் யாரோ சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது.

நான் லேப் டெக்னீஷியன். இருபத்தாறு வருடமாக மதுரையில் அடுத்தவர் ரத்தத்தையும் யூரினையும் பார்த்துப் பிழைக்கிறவன். டாக்டர் இல்லை. அன்று நான் செய்ததில் சரியும் உண்டு, தப்பும் உண்டு. இரண்டையும் எழுதிவிடுகிறேன். எல்எஸ்டி என்கிற போதை மருந்தை ஊறவைத்துக் காய வைத்த குட்டித் தாளைத்தான் பையன்கள் ஸ்டாம்ப் என்கிறார்கள். இந்த ஸ்டாம்ப் விவகாரம் பற்றித் தமிழில் கண்ணில் படுவதெல்லாம் ஒன்று போலீஸ் பிடித்த செய்தி, இல்லாவிட்டால் 'இளைஞர்களே விழித்தெழுங்கள்' ரகம். நடுராத்திரியில் ஒரு பையன் கண்ணெதிரே வெட்டி இழுக்கும்போது இரண்டுமே உதவாது.

செல்லூரிலிருந்து ஆரப்பாளையம், காளவாசல் என்று வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகக் கூடாது என்று ஜன்னலை அடைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் அடுப்படியில் முகத்தைக் கொடுத்த மாதிரி அனல். கட்டிலில் அவனைக் கைலியால் கையையும் காலையும் கட்டிப் போட்டு, "நடுங்குறான் மாமா" என்று மேலே கம்பளி வேறு போர்த்தியிருந்தார்கள். தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்த வாசம். உள்ளங்கையில் பைக் சாவிக்கொத்து. வலிப்பு ஒருதரம் வந்துவிட்டுப் போயிருந்தது என்பது அந்தச் சாவியைப் பார்த்ததும் புரிந்தது.

கண்ணைத் திறந்து பார்த்தேன். கருவிழியே இல்லை, முழுக்கப் பாப்பா. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தான். உடம்பில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. ஆனால் கொதிக்கிற உடம்பில் இவன்கள் வாயில் பாராசிட்டமால் மாத்திரையைத் திணித்திருக்கிறார்கள். கிருமியால் வருகிற காய்ச்சலுக்குத்தான் அந்த மாத்திரை கேட்கும். மூளை, தசை எல்லாம் தறிகெட்டு ஓடுவதால் ஏறுகிற சூட்டுக்கு அது கேட்காது. வெளியே இருந்துதான் சூட்டை இறக்க வேண்டும்.

கட்டை அவிழ்க்கச் சொன்னேன். பயந்தார்கள். கட்டினால் திமிறுவான், திமிறினால் தசை இன்னும் சூடாகும், சூடானால் இன்னும் திமிறுவான், ஆளைத் தீர்க்கிற சுற்று அது. இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டால் போதும். ஜன்னலைத் திறந்து, சட்டையைக் கழற்றி, சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து தண்ணீர் பிடித்து வந்தான் ஒருவன். அந்த மே மாத ராத்திரியில் தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பு. பரவாயில்லை என்றேன். துண்டை நனைத்து உடம்பு முழுக்க ஒற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தால் ஈரம் காயக் காயச் சூடு இறங்கும். மண்பானை குளிர்கிற அதே கணக்கு.

108-க்கு அடித்துவிட்டுக் காத்திருந்தபோது இரண்டாவது வலிப்பு வந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். வாயில் எதையும் வைக்கவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை. சாவிக்கொத்தை மட்டும் யாரோ மறுபடி கையில் திணித்தார்கள். சண்டை போட எனக்குத் தெம்பில்லை, விட்டுவிட்டேன். சாவியால் கெடுதல் இல்லை. அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதுதான் கெடுதல்.

இதற்கு முன்னாலேயே ஒன்பது மணி வாக்கில் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். "இது போலீஸ் கேஸு, அங்குட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்களாம். போலீஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேராக ரூமுக்கே திரும்பிவிட்டார்கள். அங்கே போனது இரண்டரை மணி நேரம். 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவரைப் போலீஸ் சம்பிரதாயத்தைக் காட்டித் தள்ளக் கூடாது, முதலில் வைத்தியம், பிறகுதான் மற்றதெல்லாம். அன்றைக்கு வாசலில் நின்ற பையன்கள் வாயில் அந்த வழக்கின் பெயர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டு போனோம். கேஷுவாலிட்டியில் இருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டான்?" ரூம்மேட் என்னைப் பார்த்தான். "ஜூஸ்ல எதையோ கலந்துட்டாங்க போல" என்று ஆரம்பித்தான். தோளைப் பிடித்து அழுத்தினேன். உண்மை வந்தது. ஸ்டாம்ப். ஆசிட், அதாவது எல்எஸ்டி, என்று சொல்லி விற்றது. ஒன்றரைத் தாள். ஏழரை மணிக்கு நாக்குக்கு அடியில் வைத்தது. கசந்திருக்கிறது, நாக்கு மரத்துப் போயிருக்கிறது. கூடவே குடித்தானா என்றால் இல்லை, வேறு மாத்திரை ஏதும் இல்லை. இந்த ஐந்தாறு வாக்கியம் தேவைப்பட்ட நேரத்துக்கு நாலு மணி நேரம் கழித்து வந்தது.

காய்ச்சல் 105. நாடி 164. பிரஷர் 190-க்கு 110. இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. லோராசெபாம் ஊசி போட்டு மூளையையும் தசையையும் அமர்த்தினார்கள், அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வைத்தார்கள், சலைன் ஏற்றினார்கள். ட்ரிப் போகலாம் என்று கிளம்பின பயலுக்குக் கடைசியில் ட்ரிப்ஸ்தான் ஏறியது.

இனி என் மேசைக்கு வருகிறேன். கதீட்டர் வழியாக யூரின் வந்தது. வரக்காப்பி நிறம். ஸ்ட்ரிப்பை முக்கினேன், ரத்தம் மூன்று பிளஸ். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் சிவப்பணு தேடித் தேடி ஒன்றிரண்டு. ரத்தம் என்கிறது ஸ்ட்ரிப், ரத்த அணுவையே காணோம் என்கிறது கண். எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட கேஸில் இதற்குப் பெரும்பாலும் அர்த்தம்: தசை உடைந்து அதிலிருக்கிற மயோகுளோபின் சிறுநீரில் வருகிறது. மயோகுளோபினிலும் இரும்பு இருக்கிறது, ஸ்ட்ரிப்புக்கு வித்தியாசம் தெரியாது. தசை உடைந்தால் ரத்தத்தில் ஏறுகிற சிபிகே என்ற நொதியைப் போட்டுப் பார்த்தேன். இருநூறு சொச்சத்துக்குள் இருக்க வேண்டியது இருபத்திரண்டாயிரம். கிரியாட்டினின் 2.1. உடைந்த தசையின் கழிவு கிட்னியை அடைக்க ஆரம்பித்துவிட்டது. நான் அதுவரை அழவில்லை. அந்த ரிப்போர்ட்டை அச்சடித்து எடுத்தபோது கை நடுங்கியது.

போதைப் பொருள் பார்க்கிற கார்டு டெஸ்டும் செய்தோம். கஞ்சா, அபின் வகை எல்லாமே நெகட்டிவ். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தியா தம்பி, எம்புள்ள ஒண்ணும் சாப்பிடல. யாரோ செஞ்சு வச்சிருக்காங்க." பாண்டி கோயிலுக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தாள். கோயிலுக்குப் போகட்டும், நானும் கூடப் போனேன். ஆனால் அந்தக் கார்டு எதைத் தேட வேண்டும் என்று செய்யப்பட்டதோ அதைத்தான் தேடும். எல்எஸ்டி வழக்கமான கார்டில் விழாது. அதன் பெயரில் விற்கிற புதுச் சரக்குகளும் விழாது. நெகட்டிவ் என்றால் 'நான் தேடினது இல்லை' என்று மட்டும்தான் பொருள்.

எல்எஸ்டி என்று வாங்கினான்களே, அது எல்எஸ்டிதானா? எனக்கு முதல் சந்தேகம் வந்ததே சூட்டைப் பார்த்துத்தான். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் கம்பெனி ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938-ல் எல்எஸ்டியை உண்டாக்கினார். 1943 ஏப்ரல் 19-ம் தேதி தானே 250 மைக்ரோகிராம் எடுத்துப் பார்த்தார். ரொம்பக் கொஞ்சம் என்று நினைத்து எடுத்த அந்த அளவே அதிகம். சைக்கிளில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, செத்துக்கொண்டிருக்கிறோம் என்று நம்பிக் கிடந்தவரைப் பார்க்க டாக்டர் வந்தார். நாடி சரி, பிரஷர் சரி, மூச்சு சரி. கண்பாப்பா விரிந்திருந்ததைத் தவிர அவருக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. மனசுக்குள் பிரளயம், உடம்பில் பெரிதாக ஒன்றுமில்லை. எல்எஸ்டியின் சுபாவம் அதுதான். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆட்டி வைக்கும். அது நல்ல பிள்ளை என்று சொல்ல வரவில்லை. மாடியிலிருந்து இறங்குவதாக நினைத்துக் காலை வெளியே வைத்தால் முடிந்தது. பரம்பரையில் மனநோய் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அது கதவைத் திறந்துவிட்டு மூடாமலே போய்விடலாம். மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் இதை எடுத்தால் வலிப்பு வரலாம். ஆனால் 105 டிகிரியும் வரக்காப்பி யூரினும் அதன் கையெழுத்து இல்லை.

இங்கே என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. பேரையூர்ப் பக்கம் மானாவாரியில் கம்பு போட்டவர். கம்புக் கதிரில் தேன் மாதிரி ஒழுகும், பிறகு மணி இருக்க வேண்டிய இடத்தில் கருப்பாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். தேன் ஒழுகல் நோய். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டினால் அந்தக் கருப்பெல்லாம் மிதக்கும். அதை அள்ளிக் கொட்டிவிட்டு, விதையை நல்ல தண்ணீரில் அலசிக் காய வைப்பார். கலந்த கம்பைத் தின்றால் வாந்தியும் கிறுகிறுப்பும் வரும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பூஞ்சை கிளாவிசெப்ஸ் குடும்பம். ஐரோப்பாவில் ரை தானியத்தில் வருகிற அதன் பங்காளியிலிருந்து கிடைப்பதுதான் லைசர்ஜிக் அமிலம், எல்எஸ்டியின் அடிமரம். அதே அமிலத்திலிருந்து அதே சாண்டோஸ்காரர்கள் செய்ததுதான் பிரசவ வார்டில் இருக்கிற மெத்தர்ஜின் ஊசியும். இந்தப் பயல் பிறந்தபோது ரத்தம் நிற்காமல் அக்கா வெளுத்துப் போய்க் கிடந்தாள். அப்போது அவளுக்குப் போட்டது மெத்தர்ஜின். அன்றைக்கு அவளைக் காப்பாற்றிய மருந்துக்கு இப்படியொரு உறவுமுறை இருப்பதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் ரூம்மேட் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினான். மீதி அரைத் தாள். நகத்தளவு கூட இல்லை, மேலே ஏதோ ஓவியத்தின் ஒரு மூலை. முதல் வேலையாக டாக்டரம்மாவிடம் கொடுத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை. இது நான் செய்த தப்புகளில் ஒன்று, அந்தத் துண்டைக் கையில் வைத்திருப்பதே சட்டப்படி சிக்கல்.

எங்கள் லேபில் பழைய பழுப்புப் பாட்டில் ஒன்று உண்டு. எர்லிக் கரைசல். மஞ்சள் காமாலைக்காரர் யூரினில் யூரோபிலினோஜன் பார்க்க அந்தக் காலத்தில் சொட்டு விடுவோம். இப்போது எல்லாம் ஸ்ட்ரிப், பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்குக் காட்ட மட்டும் வைத்திருக்கிறோம். ஜெர்மனியின் பால் எர்லிக் 1901-ல் இந்தச் சோதனையைச் சொன்னார். அதிலிருக்கிற ஆல்டிஹைடு, இண்டோல் என்கிற வளையத்தைக் கண்டால் கைகோத்து ஊதா நிறம் காட்டும். எல்எஸ்டியின் உடம்பில் அந்த வளையம் உண்டு. முதலில் கரைசல் செத்துப் போகவில்லையே என்று பார்க்க ஒரு காமாலை சாம்பிளில் விட்டேன், பளிச்சென்று சிவந்தது. பிறகு வெள்ளைப் பீங்கான் தட்டில் தாளின் ஓரத்தைக் கிள்ளி வைத்து ஒரு சொட்டு. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். பத்து நிமிடம். தாள் ஊறி விரிந்ததே தவிர, கலர் வரவில்லை.

எல்எஸ்டி இல்லை. என்னவாக இருக்கும் என்பதை அந்தச் சொட்டு சொல்லாது, அதற்குத் தடய அறிவியல் கூடத்தில் இருக்கிற பெரிய கருவிகள் வேண்டும். ஆனால் கசப்பு, மரத்த நாக்கு, வலிப்பு, கொதிப்பு, தசை உடைவு எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்த டாக்டரம்மா சொன்ன பெயர் 25ஐ-என்பிஓஎம்இ வகை. தெருவில் 'என்-பாம்'. இது பூஞ்சையின் வழி வந்தது இல்லை, வேறு குலம். கலிஃபோர்னியாவில் அலெக்சாண்டர் ஷுல்கின் என்ற வேதியியலாளர் உண்டாக்கிய 2சி வரிசைப் பொருள்களில் ஒன்றின் நைட்ரஜனில் இன்னொரு வளையத்தை ஒட்டவைத்த உரு. பெர்லினில் ரால்ஃப் ஹைம் என்பவர் மூளையில் செரட்டோனின் என்கிற ரசாயனம் போய் ஒட்டுகிற வாங்கிகளை ஆராய்வதற்காக உருவாக்கி, 2003-ல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் எழுதினார். ஆராய்ச்சிக்கு வந்த சாமான், சந்தைக்குப் போய்விட்டது. ஐ.நா. 2015-ல் இதைத் தன் 1971 உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் சேர்த்தது.

இரண்டும் போய் உட்கார்கிற இடம் ஒன்றுதான், 5-எச்டி2ஏ என்கிற செரட்டோனின் வாங்கி. அதைத் தண்ணீர்க் குழாய் என்று வைத்துக்கொண்டால், எல்எஸ்டி அதைப் பாதி திறக்கும். என்-பாம் முழுசாகத் திறந்துவிடும். ரத்தக்குழாய் சுருங்கும், தசை இறுகும், உடம்பு கொதிக்கும். அளவோ மைக்ரோகிராம் கணக்கு. ஒரு தூள் உப்புப் பரல் ஏறக்குறைய 60 மைக்ரோகிராம் எடை. அந்த மாதிரி சில பரலுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிற சரக்கை, எவனோ ஒருவன் குளியலறையில் தாளில் சொட்டு விட்டுக் காய வைக்கிறான். ஒரே தாளில் ஒரு கட்டத்துக்கும் பக்கத்துக் கட்டத்துக்கும் சம்பந்தம் இருக்காது. இவனோடு சேர்ந்து அரைத் தாள் வைத்த இன்னொருத்தனுக்கு லேசான தலைவலியோடு போய்விட்டது. அதை வைத்துத்தான் "இவன் நடிக்கிறான்" என்று முதல் ஒரு மணி நேரம் லந்து பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பையன்களிடம் இப்போது ஒரு சூத்திரம் புழங்குகிறது: கசந்தால் துப்பு. கசந்ததைத் துப்புவது சரி. கசக்காதது நல்ல சரக்கு என்று அதற்கு அர்த்தம் இல்லை, கசக்காத புதுசுகளும் வந்துவிட்டன. எர்லிக் சொட்டுக்கும் அதே கதைதான். ஊதா வந்தாலும் ஏதோ ஒரு இண்டோல் இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது, கூட என்ன இருக்கிறது என்றும் தெரியாது.

போலீஸ் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் எம்எல்சி, அதாவது போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய கேஸ் என்ற பதிவு, போட்டார்கள், போடத்தான் செய்வார்கள். தீப்பெட்டி அவர்கள் கைக்குப் போனது. ஒரு ஏட்டையா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "லேப்காரர் நீங்களே தொட்டுப் பாக்கலாமா சார்?" என்று கேட்டார். பதில் இல்லை என்னிடம். 1985-ம் வருடப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. பழக்கத்துக்கு அடிமையானவர், உபயோகித்ததற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டால், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கும். எல்எஸ்டிக்குச் சிறு அளவு 0.002 கிராம், வணிக அளவு 0.1 கிராம். பத்து வருடத்துக்குக் குறையாத தண்டனை அந்த 0.1-ஐத் தாண்டினாலே தொடங்கிவிடுகிறது. தாளோடு சேர்த்து நிறுப்பதா, தாளில் இருக்கிறதை மட்டும் கணக்கிடுவதா என்று நீதிமன்றங்களில் வாதாடியிருக்கிறார்கள். "ஃப்ரெண்டுக்காக வாங்கி வச்சேன்" என்று சொல்கிற பிள்ளைகள் இந்த எண்களைத் தெரிந்துகொண்டு பேசினால் நல்லது. எங்கள் விஷயத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

மூன்றாம் நாள் யூரின் வெளுத்தது. சிபிகே பாதியானது, பிறகு அதில் பாதி. டயாலிசிஸ் வரைக்கும் போகவில்லை. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தான்.

என்னைக் கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். பிள்ளை பயந்துபோய் உளறுகிறான், உடம்பில் சூடு இல்லை, கேட்டால் பதில் சொல்கிறான் என்றால், விளக்கைக் குறைத்து, கூட்டத்தை வெளியே அனுப்பி, அவனுக்குப் பிடித்த ஒரே ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து "இது மருந்து வேலை, இறங்கிரும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாலே பாதி அடங்கும். ஆனாலும் தனியாக விடக் கூடாது. உடம்பு கொதித்தால், விறைத்தால், இழுத்தால், யூரின் கருத்தால், எழுப்ப முடியாமல் கிடந்தால், யோசிக்காமல் 108. பழக்கம் தொற்றிக்கொண்டது என்று சந்தேகம் வந்தால் 14446, மனசு சரியில்லை என்றால் 14416. இரண்டும் இலவச எண்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். ராத்திரி தூக்கம் இல்லை. டியூப்லைட்டைப் பார்த்தால் சுற்றிலும் வளையம், நகர்கிற கையின் பின்னாலேயே ஒரு நிழல்கை. மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனோம். சிலருக்கு இப்படிப் பார்வைக் கோளாறு மாதக்கணக்கில் நிற்கும், பைக் ஓட்டாதே, கஞ்சா பக்கமே போகாதே, தூக்கத்தை ஒழுங்குபடுத்து என்றார். பைக் சாவியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அதே சாவிக்கொத்துதான்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மாமா, அந்தச் சுவத்துல கோடு நெளியுதா?"

பார்த்தேன். "இல்லடா மாப்ள."

"அப்ப எனக்கு மட்டுந்தான். முன்னைக்கு இப்பக் கொறஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு, அக்கா கரைத்து வைத்த கம்பங்கூழை எடுத்துக் குடித்தான்.